விண்வெளி நிலையத்தின் சிக்னல் கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) சிக்னலைக் கேட்க மொட்டை மாடியில் ஆன்டெனாவோடு நின்று, இரைச்சலைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் இறங்கி வந்தவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, அரக்கோணம், ஆம்பூர், திருப்பத்தூர் எனப் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் எங்கிருந்து கேட்டாலும் இது பொருந்தும். மலைகளும் தொழிற்கூடங்களும் நம் பகுதியில் சில தனிச் சிக்கல்களைத் தருவதால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலையம் ஏறத்தாழ 400 முதல் 420 கி.மீ. உயரத்தில், மணிக்குச் சுமார் 27,600 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 92, 93 நிமிடங்கள் ஆகின்றன. அது ஒரு பக்கத் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கத்தில் மறையும் வரையிலான பாஸ், மிக நல்ல நாளிலும் பத்து, பதினொரு நிமிடங்களைத் தாண்டாது. அதிலும் தெளிவாகக் கேட்கக்கூடியது ஆறேழு நிமிடங்கள்தான். அந்த ஆறேழு நிமிடங்களில் கேபிளைப் பிடுங்கி மாட்டுவதும், மென்பொருளில் பொத்தான்களை மாற்றிப் பார்ப்பதும் பயன் தராது. நிலையம் வானில் இல்லாத நேரத்தில் சோதிக்கக்கூடியவற்றை எல்லாம் அப்போதே சோதித்து முடித்துவிட வேண்டும். நிலையம் மேலே இருக்கும்போது கேட்பதும், பதிவு செய்வதும், எந்த நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்று குறித்துக்கொள்வதும் மட்டுமே வேலை. ஒரு பாஸுக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால் எது பிழை என்பது விரைவில் பிடிபட்டுவிடும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றியவர், சரியான பிறகும் எது சரி செய்தது என்று அறியமாட்டார்.

உங்களிடம் ஒரு லேப்டாப்பும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிளும் (யு.எஸ்.பி.யில் செருகி, மென்பொருள் வழியாக ரேடியோ கேட்க உதவும் சிறு கருவி), அல்லது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம். முறையில் கேட்கும் ஒரு ரிசீவரும், கையால் செய்த வி-டைபோல் (வி வடிவில் விரித்த இரண்டு கம்பிகள்) அல்லது ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மூன்று கம்பி யாகி ஆன்டெனாவும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். கேட்பதற்கு மட்டும் என்றால் டாங்கிளையே பரிந்துரைப்பேன். வாக்கி-டாக்கி போன்ற, அனுப்பும் வசதி கொண்ட கருவியை உரிமம் பெற்ற ஹாம்கள் மட்டுமே இயக்கலாம். அதற்கு மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதித் தேற வேண்டும். உரிமம் இல்லாமல் பேசும் பொத்தானை ஒரு நொடி அழுத்துவதும் சட்டப்படி குற்றம்.

அறிகுறி: பாஸ் முழுவதும் 145.800-இல் இரைச்சல் மட்டுமே கேட்கிறது

பெரும்பாலானோர் இந்த இடத்தில் ஆன்டெனாவைக் குறை சொல்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிலையம் அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் ஒலிபரப்பியதா என்பதே. 145.800 மெகாஹெர்ட்ஸ் எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருக்கும் அலைவரிசை அல்ல. பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசும் நிகழ்ச்சிகளின்போதும், ஓய்வு நேரத்தில் ஒரு வீரர் தாமாக விரும்பி மைக்கைக் கையில் எடுக்கும்போதும், எஸ்.எஸ்.டி.வி. எனப்படும் படங்களை அனுப்பும் நாட்களிலும் மட்டுமே அதில் சிக்னல் இருக்கும். வீரர்கள் நிலையத்துக்கு வெளியே விண்நடை செய்யும்போதும், விண்கலங்கள் வந்து இணையும்போதும், பாதுகாப்புக் கருதி ஹாம் ரேடியோக்களை அணைத்துவிடுவது வழக்கம்.

வீரர்களின் நாள் கிரீன்விச் நேரப்படி நடக்கிறது. அவர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்தால் நமக்கு முற்பகல் 11.30, அவர்கள் இரவு ஒன்பதரைக்கு உறங்கப் போனால் நமக்கு மறுநாள் அதிகாலை 3 மணி. ஆகவே விடியற்காலை ஐந்து மணி பாஸில் குரலை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், உறங்குபவர்களிடமிருந்து பேச்சை எதிர்பார்க்கிறார் என்று பொருள்.

உங்கள் கருவி சரியாக இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், குரலை நம்பியிராமல் வேறு இரண்டு அலைவரிசைகளைப் பாருங்கள். 145.825-இல் ஏ.பி.ஆர்.எஸ். என்னும் தரவுப் பொட்டலங்கள், அரை நொடி, ஒரு நொடி நீளமான கரகரப்பான குறுஞ்சத்தங்களாக வரும். 437.800-இல் நிலையத்தின் குறுக்குப் பட்டை ரிப்பீட்டர் (ஒரு பட்டையில் கேட்டதை வேறொரு பட்டையில் மறு ஒலிபரப்பும் கருவி) இயங்கும் நாட்களில், தரையிலுள்ள ஹாம்கள் 145.990-இல் பேசுவது நிலையத்தின் வழியாகத் திரும்பி வரும். ரிப்பீட்டர் யாராவது பேசினால்தான் ஒலிக்கும் என்பதால் நள்ளிரவில் அதன் மௌனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மாலை நேரப் பாஸ்களில் இந்திய ஹாம்களின் அழைப்புக் குறிகள் சாதாரணமாகவே கேட்கும். இந்த முறைகளில் எது அன்று இயங்குகிறது என்பதை, நிலையத்தின் ஹாம் ரேடியோவை நடத்தும் ஏரிஸ் (ARISS) அமைப்பு தன் இணையதளத்தில் தெரிவிக்கிறது. பாஸுக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது பாதிப் பிழையைத் தீர்த்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் பலவும், கருவியைச் சோதிக்க 137 மெகாஹெர்ட்ஸில் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களைக் கேட்கச் சொல்லும். நோவா 15, 18, 19 ஆகிய மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைச் செயற்கைக்கோள்கள் 137.9 அல்லது 137.1-இல் டிஜிட்டல் சிக்னல் அனுப்புகின்றன. உங்கள் ஆன்டெனாவில் அவற்றின் அகலமான மேடு திரையில் தெரிந்தால், ஆன்டெனாவும் கேபிளும் டாங்கிளும் குறைந்தபட்சம் உயிரோடு இருக்கின்றன என்று உறுதி கொள்ளலாம்.

நிலையம் ஒலிபரப்பியது உறுதி, மற்றவர்களுக்குக் கேட்டதும் உறுதி, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், மென்பொருளில் முறை சாதாரண எஃப்.எம். வானொலிக்கான அகல எஃப்.எம்.மிலோ ஏ.எம்.மிலோ நிற்கிறதா என்று பாருங்கள், குறுகிய எஃப்.எம். என்பதே வேண்டும். ஸ்குவெல்ச் (சிக்னல் வலுவாக இல்லாதபோது ஒலியை அடைக்கும் அமைப்பு) முழுவதும் திறந்திருக்க வேண்டும். இரைச்சல் காதுக்கு எரிச்சலாக இருக்கிறதென்று ஸ்குவெல்சை ஏற்றி வைப்பவர்கள், இரைச்சலோடு சேர்த்து மெல்லிய சிக்னலையும் மூடிவிடுகிறார்கள்.

அறிகுறி: செயலி வருகிறது என்று சொன்ன நேரத்தில் வரவில்லை, அல்லது தாமதமாகக் கேட்கத் தொடங்குகிறது

நேரமே பெரும்பாலும் காரணம். பல இணையதளங்கள் பாஸ் நேரங்களைக் கிரீன்விச் நேரத்தில் தருகின்றன. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். செயலியில் ஊர் சென்னை என்றோ பெங்களூரு என்றோ தானாகப் பதிந்திருந்தால் நேரம் அதிகம் மாறாது, ஆனால் ஏற்றக்கோணமும் (தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை மேலே என்பது) திசையும் பிசகும், வேலூருக்கு 12.92 பாகை வடக்கு, 79.13 பாகை கிழக்கு என்று கையால் உள்ளிடுங்கள். சுற்றுப்பாதை விவரங்களைச் செயலி வாரக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருந்தாலும் நேரம் தவறும். மெல்லிய காற்று மண்டலத்தின் உராய்வால் நிலையம் சிறிது சிறிதாகக் கீழிறங்குவதும், அதை எஞ்சின் இயக்கி மீண்டும் மேலே தள்ளுவதும் தொடர்ந்து நடப்பவை. அப்படித் தள்ளிய மறுநாளே பழைய கணக்கு பிசகத் தொடங்கும்.

நேரமும் சரி, இடமும் சரி, இருந்தும் தாமதமாகத்தான் கேட்கிறது என்றால், உங்கள் வீட்டிலிருந்து தெரியும் மலையைப் பாருங்கள். நம் அட்சரேகையில் நிலையம் எப்போதும் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கோதான் போகும். வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே எழும் குன்றுகளின் அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு, ஒரு பாஸின் எழுச்சியோ மறைவோ கட்டாயம் மலைக்குப் பின்னால்தான் நடக்கும். கணக்கு எளிது: ஒரு கி.மீ. தொலைவில் 250 மீட்டர் உயரத்துக்கு மலை எழுந்தால், அது அந்தத் திசையில் 14 பாகை வரை வானத்தை மறைக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மலையைச் சுற்றி வளைந்து வருவது மிகக் குறைவு. எனவே உங்கள் மாடியில் நின்று எட்டுத் திசையிலும் மலையும் கட்டிடமும் எத்தனை பாகை வரை மறைக்கின்றன என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கையை முழுதாக நீட்டி மூடிய முஷ்டியைப் பிடித்தால் அதன் உயரம் ஏறத்தாழ பத்து பாகை. பிறகு செயலி காட்டும் பாஸ்களில் அந்தத் தாளுக்குப் பொருந்துபவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில் உச்ச ஏற்றக்கோணம் 30 பாகைக்குக் குறைந்த பாஸை, கற்றுக்கொள்ளும் காலத்தில் யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. தொடுவானத்தில் நிலையம் நம்மிடமிருந்து 2,300 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. நேர் உச்சியிலோ 420 கி.மீ.க்குள். சிக்னல் வலிமையில் இது 15 டெசிபெல் வேறுபாடு.

திறந்த வானம் வேண்டும் என்பவர்கள் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை போன்ற சமவெளிக் கரைகளையோ, ஏலகிரியின் உச்சியையோ நாடலாம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கு இருண்ட, தெளிந்த வானம் காரணம். ரேடியோவுக்கு இருள் தேவையில்லை. ஆனால் ஊர் மின் இரைச்சலிலிருந்து விலகியிருப்பது ரேடியோவுக்கும் அதே அளவு நன்மை.

அறிகுறி: அறிவிக்கப்பட்ட பள்ளி நிகழ்ச்சியில் ஒன்றுமே கேட்கவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

ஒரு பக்கம் மட்டும் கேட்பது பிழையே அல்ல. மாணவர்களின் கேள்விகள் வேறொரு அலைவரிசையில் தரையிலிருந்து மேலே போகின்றன, 145.800-இல் கீழே வருவது வீரரின் பதில் மட்டுமே. ஒன்றுமே கேட்கவில்லை என்றால், அந்தத் தொடர்பு எந்தத் தரை நிலையத்தின் வழியாக நடந்தது என்று பாருங்கள். பள்ளி எங்கே இருந்தாலும், டெலிபிரிட்ஜ் முறையில் இத்தாலியிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள ஒரு ஹாம் நிலையம் விண்ணோடு பேசி, அதைத் தொலைபேசி வழியே பள்ளிக்குக் கொடுப்பதுண்டு. நிலையத்தின் குரல் தரையில் எட்டும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 2,200 கி.மீ.தான். அந்த வட்டத்துக்குள் வேலூர் இருந்தால் மட்டுமே நமக்குக் கேட்கும். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடிய மாணவர்களோடு ஹாம் ரேடியோ வழியாக உரையாடியபோது நம் பக்கத்திலும் பலருக்கு இதில் ஆர்வம் வந்தது. இனி அப்படி ஒரு நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டால், நேரடித் தொடர்பா, டெலிபிரிட்ஜா என்ற ஒரு சொல்லை முதலில் தேடுங்கள்.

அறிகுறி: இரைச்சல் மிக அதிகம், சிக்னல் அதற்குள் மூழ்கிப்போகிறது

வேலூர்ப் பகுதியில் கேட்பவர்களுக்கு உண்மையான எதிரி இதுவே என்று நான் கருதுகிறேன். ஆன்டெனாவை இன்னும் பெரிதாக்குவதைவிட இரைச்சலைக் குறைப்பதில் செலவிடும் நேரம் அதிகப் பலன் தரும்.

நிலையம் வராத ஒரு மாலையில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடவிட்டு, 145.800-ஐச் சுற்றியுள்ள இரைச்சல் தளம் (சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் இரைச்சலின் மட்டம்) எவ்வளவு என்று மென்பொருளின் திரையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மின்சாரம் போனவுடன் தானாக இயங்கத் தொடங்கும் இன்வெர்ட்டர், அணைக்க மறந்தால் சோதனையையே கெடுத்துவிடும். இரைச்சல் தளம் சட்டென்று இறங்கினால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மெயினைப் போட்டு, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்து, எதில் தளம் எகிறுகிறதோ அந்த வரிசையிலுள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான எல்.இ.டி. பல்புகள், செல்போன் சார்ஜர்கள், மாடிப்படியில் எப்போதும் எரியும் சிறு விளக்கின் டிரைவர், சி.சி.டி.வி. அடாப்டர், மாடியிலேயே இருக்கும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், வானொலி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துச் சந்தேகப்படும் பொருளின் அருகே கொண்டு போனால் அது உறுமிக் காட்டிக்கொடுக்கும். பாஸ் நேரத்தில் அந்தப் பொருளை மட்டும் அணைத்து வைத்தால் போதும்.

மெயினை அணைத்தும் தளம் இறங்கவில்லை என்றால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. மூன்று கம்பி யாகியைக் கையில் பிடித்து மெல்லச் சுழன்று, எந்தத் திசையில் இரைச்சல் உச்சம் என்று பாருங்கள். ஏ.எம். முறையில் கேட்டால் அதன் குணம் புரியும். தொடர்ந்து பொறிபோல் சடசடக்கும் ஒலி, காற்றடிக்கும்போதும் ஈரத்திலும் மாறினால், மின்கம்பத்தில் விரிசல் விட்ட இன்சுலேட்டராகவோ தளர்ந்த இணைப்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தின் உள்ளூர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவிக்கலாம். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதோ அதன் அருகே ஆன்டெனாக் கம்பியை உயர்த்துவதோ உயிருக்கு ஆபத்து. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் பதனிடும் இடங்களிலும் காலணித் தொழிற்கூடங்களிலும் ஓடும் பெரிய மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பரந்த இரைச்சலைக் கக்கக்கூடியவை. அவற்றை நாம் நிறுத்த முடியாது. ஷிஃப்ட் முடிந்த நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வரும் பாஸ்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஆன்டெனாவை அந்தப் பக்கச் சுவரின் மறைவில் வைக்கலாம்.

இன்னொரு வகை இரைச்சல், டாங்கிளே மூச்சுத் திணறுவதால் வருவது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைத்திருந்தால் 88 முதல் 108 வரையிலான எஃப்.எம். வானொலி நிலையங்களின் வலிமை டாங்கிளை மூழ்கடித்து, திரை முழுவதும் பொய்ச் சிக்னல்களை எழுப்பும். கெயினைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் தளம் குறைந்தும் சிக்னல்கள் மேலும் தெளிவாகத் தெரிந்தால் அதுவே காரணம். ஆன்டெனாவைப் பிடுங்கி மாட்டும்போது தளம் லேசாக உயர வேண்டும், அவ்வளவே. அந்த அளவில் கெயினை நிறுத்துங்கள். வானொலிக் கோபுரத்துக்கு அருகே குடியிருந்தால் எஃப்.எம். பட்டையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை இடையே போடுவது நல்ல முதலீடு. ஆன்டெனாவை மாட்டியும் தளம் அசையவே இல்லை என்றால் கதை வேறு: கேபிளிலோ இணைப்பிலோ அறுந்திருக்கிறது. அதைக் கடைசி அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி: எந்நேரமும் ஒரே இடத்தில் ஒரு நேர்க்கோடு தெரிகிறது

அது விண்வெளி நிலையம் அல்ல. நிலையத்தின் சிக்னல், பாஸின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை கிலோஹெர்ட்ஸ் மேலே, 145.8035-இல் தோன்றி, உச்சியைத் தாண்டும்போது வேகமாக நழுவி, மறையும்போது 145.7965-க்கு இறங்கியிருக்கும். நெருங்கி வரும்போது அலைவரிசை கூடி, விலகும்போது குறையும் டாப்ளர் விளைவால் திரையில் அது ஒரு வளைந்த சரிவாகவே விழும். நேராக நிற்கும் எந்தக் கோடும் தரையில் பிறந்ததே. 144.000-இல் தெரியும் கோடு, டாங்கிளின் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் ஐந்தாவது மடங்கு, அதை விட்டுவிடுங்கள். திரையின் சரியான நடுவில் நிற்கும் முள்ளும் டாங்கிளுக்குள்ளேயே பிறப்பது. மைய அலைவரிசையை 145.7-க்கு நகர்த்தி வைத்துக்கொண்டு 145.800-ஐக் கேட்டால் அது தொல்லை தராது. டாங்கிளை நேராக லேப்டாப்பில் செருகாமல், ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைப்பதும் பல கோடுகளை அழித்துவிடும்.

அறிகுறி: நடுவில் தெளிவு, தொடக்கத்திலும் முடிவிலும் குரல் உடைகிறது

ஃபில்டர் அகலம் போதவில்லை. வாக்கி-டாக்கி வகை ரிசீவர்களில் குறுகிய, அகல எஃப்.எம். என இரண்டு தேர்வுகள் இருக்கும், அகலத்தைத் தேர்ந்தெடுங்கள் (மென்பொருளில் தவிர்க்கச் சொன்ன, வானொலிக்கான அகல எஃப்.எம். வேறு). மென்பொருளில் 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அகலம் கொடுத்தால் 145.800-இல் டாப்ளரைத் தொடர்ந்து திருத்த வேண்டிய தேவையே இல்லை. 437.800-இல் அப்படி இல்லை: அங்கே சரிவு மேலும் கீழும் பத்து கிலோஹெர்ட்ஸ். தொடக்கத்தில் 437.810, நடுவில் 437.800, முடிவில் 437.790 என்று ஐந்து கிலோஹெர்ட்ஸ் படிகளாக இறக்கிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் டாங்கிளின் அலைவரிசையே பிசகியிருக்கிறது. மலிவான டாங்கிள்கள் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு வரை தவறலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏழு கிலோஹெர்ட்ஸ். சித்திரை, வைகாசி வெயிலில் மாடித் தரையில் வைத்த டாங்கிள் பாஸின் நடுவிலேயே நகரும். நிழலில் வைத்து, கால் மணி நேரம் முன்னதாகவே ஓடவிட்டுச் சூடு நிலைப்பட்டபின் கேளுங்கள். திருத்தத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை: நிலையம் மிக அருகில் இருக்கும் கணத்தில் டாப்ளர் பூஜ்ஜியம். அந்தக் கணத்தில் சிக்னல் திரையில் 145.800-லிருந்து எவ்வளவு விலகியிருந்ததோ, அதுவே உங்கள் டாங்கிளின் பிழை. டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பத்தால் அலைவரிசை நகராதபடி ஈடுசெய்யும் கிரிஸ்டல்) பொருத்திய டாங்கிளை வாங்க முடிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: நிலையம் தலைக்கு மேல் வரும்போது குரல் மறைந்துவிடுகிறது

செங்குத்தாக நிற்கும் கம்பி ஆன்டெனாவுக்கு நேர் உச்சியில் காது இல்லை. அதைத் தரைக்குக் கிடையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் வி-டைபோல் செய்யுங்கள்: வீட்டு வயரிங்கில் பயன்படும் தடித்த செம்புக் கம்பியில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, 49 செ.மீ. அளவில் இரண்டு துண்டு, ஒரு கனெக்டரில் 120 பாகை விரிவில் கிடைமட்டமாகப் பொருத்தி, பி.வி.சி. குழாயின் உச்சியில் வைத்தால் போதும். யாகி வைத்திருப்பவர்களுக்குச் சிக்னல் சீராக ஏறி இறங்கினால், அது நிலையத்தின் திருப்பத்தால் அலையின் தளம் மாறுவதன் விளைவு. ஆன்டெனாவை அதன் தண்டையே அச்சாகக் கொண்டு மெல்லத் திருப்பினால் குரல் திரும்பும்.

அறிகுறி: எஸ்.எஸ்.டி.வி. ஒலி நன்றாகக் கேட்கிறது, படம் வரவில்லை

யூரி ககாரின் விண்ணுக்குச் சென்ற ஏப்ரல் 12-ஐ ஒட்டியும், வேறு சில நாட்களிலும் நிலையம் படங்களை அனுப்பும். பெரும்பாலும் பி.டி.120 முறை, ஒரு படத்துக்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகம், பிறகு ஏறத்தாழ இரண்டு நிமிட மௌனம். ஆகவே ஒரு பாஸில் முழுப் படம் இரண்டு கிடைத்தாலே நிறைவு. பாஸ் தொடங்கும்போது பாதி போயிருந்த படம் பாதியாகத்தான் வரும்.

ஒலி தெளிவாக இருந்தும் படம் சிதைந்தால் பெரும்பாலும் செல்போனே காரணம். ரிசீவரின் ஸ்பீக்கர் அருகே போனை வைத்து வாய்ஸ் நோட்டாகப் பதிந்தால், பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி நீக்கும் அந்தச் செயலி, படத்தின் சீரான விசில் ஒலியை இரைச்சலாகவே கருதிக் கழித்துவிடும். ஸ்குவெல்ச் மூடி மூடித் திறந்தாலும் படத்தில் சாம்பல் பட்டைகள் விழும். நம்பகமான முறை இதுதான்: ஸ்குவெல்சைத் திறந்து வைத்து, மென்பொருளிலேயே டபிள்யூ.ஏ.வி. கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸில் பாஸ் முழுவதையும் பதிவு செய்யுங்கள். பிறகு நிதானமாக எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. அல்லது ரோபோட்36 போன்ற செயலியில் ஓட்டிப் படமாக்குங்கள். தானாக முறையைக் கண்டறியும் அமைப்பு தடுமாறினால் பி.டி.120-ஐக் கையால் தேர்ந்தெடுங்கள். ஒலி அளவு உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டால் நிறங்கள் வெளிறும். அளவுகோலின் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் அது சவுண்டு கார்டின் கடிகாரப் பிழை. மென்பொருளின் சாய்வுத் திருத்தத்தில் நேராகிவிடும், பதிவு கையில் இருக்கும்வரை கவலையில்லை.

தரவுப் பொட்டலங்கள் காதுக்குக் கேட்டும் டிகோட் ஆகாததற்கும் இதே ஒலி அளவும் இதே ஸ்குவெல்சும்தான் காரணம். டைர்வுல்ஃப் போன்ற மென்பொருளில் 1200 பாட் வேகத்தைத் தேர்ந்தெடுத்து, 145.825-இல் ஆர்.எஸ்.0.ஐ.எஸ்.எஸ். அல்லது என்.ஏ.1.எஸ்.எஸ். என்ற குறியைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் பலர் அனுப்புவதால் மோதிக் கெடும் பொட்டலங்களை யாராலும் மீட்க முடியாது.

அறிகுறி: முன்பு நன்றாகக் கேட்டது, இப்போது பலவீனமாகிவிட்டது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இந்தப் புகார் வந்தால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றே தொடங்குங்கள். டாங்கிளின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ரெசிஸ்டன்ஸ் அளவில் வைத்து நடுக் கம்பிக்கும் வெளிப் பின்னலுக்கும் இடையே அளந்து பாருங்கள். வி-டைபோலில் இரண்டு கைகளும் தொடாமல் இருப்பதால் மீட்டர் திறந்த சுற்றாகக் காட்ட வேண்டும். சுழியம் காட்டினால் பின்னலின் ஓர் இழை நடுக் கம்பியைத் தொடுகிறது; சில ஆயிரம், சில லட்சம் ஓம் என்று அலைந்தால் ஈரம். ஆனால் அளவெடுக்கும் இன்ச் டேப்பில் செய்யும் யாகியில் நடுவே வளைந்த ஹேர்பின் கம்பி இரண்டு கைகளையும் இணைப்பதால் அங்கே சுழியம் காட்டுவதே சரி. திறந்த சுற்றாகக் காட்டினால் அந்த ஹேர்பின் சால்டர் விட்டுப்போயிருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல யாகியைப் பிரித்துப் போடுபவர்கள் பலர். ஹேர்பின் உள்ள ஆன்டெனாவுக்கு டாங்கிளின் பயஸ்-டீ (கேபிள் வழியே அனுப்பும்) மின்னழுத்தத்தைக் கொடுக்கவும் கூடாது; இடையில் எல்.என்.ஏ. என்னும் சிக்னல் பெருக்கி இல்லாவிட்டால் அது நேரடி ஷார்ட்.

அடுத்து, வி-டைபோலின் கைகளை ஒன்றோடொன்று ஒரு கிளிப்பால் இணைத்துவிட்டு மீண்டும் கீழே அளந்தால் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேபிளோ இணைப்போ நடுவில் அறுந்திருக்கிறது. பழைய ஆர்.ஜி.-58 கேபிளை 15 மீட்டர் ஓட்டியிருந்தால், அது நல்ல நிலையில் இருந்தாலும் ஏறத்தாழ 3 டெசிபெல், அதாவது சிக்னலில் பாதி, கேபிளிலேயே போய்விடும். டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.-6 கேபிள் 75 ஓம் என்பதால் பலர் தயங்குகிறார்கள். கேட்பதற்கு மட்டும் அது முற்றிலும் ஏற்றது, இழப்பும் குறைவு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். புதிய கேபிளை ஆன்டெனாவிடம் இணைத்தபின், இணைப்பை ரப்பர் ஒட்டு டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். கீழிருந்து சுற்றும்போது அடுக்குகள் ஓட்டுக் கூரைபோல் விழுந்து மழைநீர் வழிந்தோடும். இணைப்புக்குக் கீழே கேபிளில் ஒரு தொங்கு வளைவு விட்டால், கேபிள் வழியே வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இடி மின்னல் தெரியும் மாலையில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, அந்தப் பாஸை விட்டுவிடுங்கள். நாளில் நான்கைந்து பாஸ்கள் வருகின்றன.